என் வரிசையில் வந்து நின்ற சமாதானம்

"பரிசுத்தம் என்றால் என்ன?"

உங்களை யாராவது திடீரென்று இப்படிக் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? அதுவும் அடுப்பில் பால் பொங்கி வருகிற சமயத்தில், செல்போனை எடுத்துக் காதில் வைத்ததும் வைக்காததுமாக?

"ஒரு நிமிஷம் பொறுங்கள், பாலை இறக்கிவிட்டு வருகிறேன்" என்றுதான் நான் சொன்னேன்.

கேட்டவர் எங்கள் ஆயரம்மா. எங்கள் கோயில் குருவானவரை ஆயர் என்போம். அவர் மனைவி ஆயரம்மா. வயதில் என்னைவிட இருபது வருஷம் சின்னவர். ஆனால் அந்தப் பதவிக்கு வயது ஏது?

"அம்மா, வருகிற வெள்ளிக்கிழமை சங்கத்தில் நீங்கள்தான் பேச வேண்டும். கால் மணி நேரம் போதும். பரிசுத்தம் என்றால் என்ன என்பதுதான் விஷயம். போன வாரம் ஆரம்பித்த விவாதம் முடியவே இல்லை அல்லவா? நீங்கள்தான் முடித்து வைக்க வேண்டும்" என்றார்.

போன வாரத்து விவாதத்தைப் பற்றி உங்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் சபையில் பெண்கள் ஐக்கிய சங்கம் என்று ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை தோறும் சாயங்காலம் நாலு மணிக்குக் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற கூடத்தில் கூடுவோம். முப்பது பேர் வரை வருவோம். வேதம் வாசிப்போம், ஜெபிப்போம், காப்பி குடிப்போம், பேசுவோம். இவற்றில் எதற்கு அதிக நேரம் பிடிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பஜனை மண்டலியானாலும் சரி, மாதர் சங்கமானாலும் சரி, பெண்கள் கூடுகிற இடத்துச் சங்கதி உங்களுக்குத் தெரியாததா?

அன்றைக்குப் புதிதாகக் கலியாணமான ஒரு பெண் எழுந்து ஒரு சந்தேகம் கேட்டாள். புகுந்த வீட்டார் வேறு ஒரு சபைக்குப் போகிறவர்களாம். அங்கே பெண்கள் காதில் தோடு கூடப் போடமாட்டார்களாம். நகையைக் கழற்றினால்தான் பரிசுத்தம் என்கிறார்களாம். "நான் என்ன செய்யட்டும், ஆன்ட்டி?" என்று பாவம், கண் கலங்கக் கேட்டாள்.

அவ்வளவுதான், கூடம் இரண்டு கட்சியாகிவிட்டது.

"நகையைக் கழற்றினால் பரிசுத்தம் வந்துவிடுமா? என்னுடையது பாதி அடகுக் கடையில் இருக்கிறது. அப்படியென்றால் நான் பாதி பரிசுத்தவதியா?" என்றார் ஓர் அம்மாள்.

"தாலியையும் கழற்றச் சொல்வார்களா? என் தாலியில் சிலுவைதானே இருக்கிறது!" என்றார் இன்னொருவர்.

பேச்சு நகையிலிருந்து பூவுக்குப் போயிற்று. பூவிலிருந்து சினிமாவுக்குப் போயிற்று. சினிமாவிலிருந்து டி.வி. தொடருக்கு வந்ததும் சட்டென்று எல்லோரும் மௌனமாகிவிட்டோம். ஏனென்றால், ஆறரை மணித் தொடருக்குள் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே கூட்டத்தை நாலு மணிக்கு வைத்திருக்கிறோம்!

கடைசியில் யாரோ, "நகை கிடக்கட்டும். கோயில் காரியத்தைப் பார்க்கிற கமிட்டியில் பரிசுத்தம் இருக்கிறதா? அதைச் சொல்லுங்கள் முதலில்" என்றார்கள். உடனே கூடத்தில் இரண்டு மூலைகள் இறுகிப் போயின. ஒன்று, ஜன்னல் ஓரம் நான் உட்கார்ந்திருந்த மூலை. மற்றது, கதவோரம் அந்த அக்கா உட்கார்ந்திருந்த மூலை.

ஆயரம்மா கெட்டிக்காரர். அவசரமாக முடிவு ஜெபம் செய்து கூட்டத்தைக் கலைத்துவிட்டார்.

\*\*\*

அந்த அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். ஒரு காலத்தில் அவரும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பாடியவர்கள். என் மகளுக்கு அம்மை போட்டிருந்தபோது வேப்பிலை பறித்துக்கொண்டு ஓடி வந்தவர். அப்படிப்பட்டவரோடு நான் நாலு வருஷமாகப் பேசவில்லை.

காரணம், குருசேகரக் கமிட்டித் தேர்தல். எங்கள் சபையில் கோயில் நிர்வாகத்துக்கு உறுப்பினர்களை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது வழக்கம். என் வீட்டுக்காரர் ரெயில்வேயில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். நாலு பேர் சொன்னார்கள் என்று நின்றார். அக்காவின் வீட்டுக்காரரும் நின்றார். அதற்கு முந்தின வருஷம்தான் எங்கள் மகள் தன்னோடு வேலை பார்க்கிற ஓர் இந்துப் பையனைப் பதிவு அலுவலகத்தில் கலியாணம் செய்துகொண்டிருந்தாள். அழுதோம்; அப்புறம் சம்மதித்தோம். பிள்ளை தங்கமான பிள்ளை.

தேர்தலுக்கு முந்தின வாரம் அந்த அக்கா வீடு வீடாகப் போய், "மகளைக் கோயிலில் வைத்துக் கட்டிக் கொடுக்க முடியாதவர் கோயில் காரியம் பார்க்க வருகிறாராம்" என்று சொல்லிவிட்டு வந்தார். என் வீட்டுக்காரர் 11 ஓட்டில் தோற்றுப் போனார். தோற்றது கூட எனக்குப் பெரிதில்லை. என் பெண்ணை ஓட்டுச் சீட்டாக்கிவிட்டாரே என்றுதான் வயிறு எரிந்தது. நீங்கள் தாயாக இருந்தால் உங்களுக்குப் புரியும்.

இந்தக் கதையில் இன்னொரு பாதி உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன். அந்தப் பாதியை நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் இல்லை.

ஆயரம்மா பேசச் சொன்னதும் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பரிசுத்தத்தைப் பற்றித்தானே பேச வேண்டும்? நாக்கின் பரிசுத்தத்தைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுவது என்று தீர்மானித்துவிட்டேன். பேசும்போது எந்த மூலையைப் பார்த்துப் பேசுவது என்பதைக் கூடத் தீர்மானித்துவிட்டேன்.

\*\*\*

நான் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக் கொடுத்தவள். எதையும் ஆதாரத்தோடு பேசாவிட்டால் எனக்கு மனசு ஆறாது. பழைய புத்தகங்களையெல்லாம் பரணிலிருந்து இறக்கினேன்.

முதலில் சொல்லைப் பார்த்தேன். பழைய கத்தோலிக்கக் குடும்பங்களில் பரிசுத்த ஆவியை 'இஸ்பிரீத்து சாந்து' என்று போர்த்துகீசியச் சொல்லாலேயே சொல்லி வந்தார்கள். எங்களைப் போன்றவர்கள் 'பரிசுத்த ஆவி' என்றோம். 1995-இல் வெளிவந்த திருவிவிலியத்தில் 'தூய ஆவி' என்று வந்தது. மூலமான எபிரெய மொழியில் அந்தச் சொல்லுக்கு 'வேறு பிரித்து வைத்தது' என்ற கருத்து உண்டு. பூஜைக்கென்று வைத்த செம்பை யாரும் அடுப்படியில் புழங்கமாட்டோம் அல்லவா? அதைப் போல.

'ஆகா, சரியாகப் போயிற்று' என்று குறித்துக்கொண்டேன். வேறு பிரித்து வைப்பதுதான் பரிசுத்தம் என்றால், நான் அந்த அக்காவிடமிருந்து ஒதுங்கி இருப்பதும் ஒருவகைப் பரிசுத்தம்தானே?

அடுத்தாற்போல் பெண்களுக்குப் பிடிக்கிற மாதிரி ஒரு சரித்திரம் தேடினேன். சூசன்னா வெஸ்லி அகப்பட்டார். மெதடிஸ்ட் சபை உண்டாவதற்குக் காரணமான ஜான் வெஸ்லியின் தாயார். இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற சின்ன ஊரில் குருவானவரின் மனைவி. அதாவது அந்தக் காலத்து ஆயரம்மா. 19 குழந்தைகளைப் பெற்றவர். அவற்றில் 9 சிசுவிலேயே போய்விட்டன. 1709-இல் வீடு தீப்பற்றி எரிந்தபோது, மாடியில் அகப்பட்டுக்கொண்ட ஐந்து வயது ஜானை ஜன்னல் வழியாகத்தான் காப்பாற்றினார்கள். கணவருக்கோ ஓயாத கடன்.

இத்தனைக்கும் நடுவில் அந்த அம்மாள் ஒரு காரியம் செய்தார். வாரத்தில் ஒவ்வொரு நாள் சாயங்காலமும் ஒரு குழந்தையைத் தனியே உட்கார வைத்து, அதன் மனசில் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பேசுவார். வியாழக்கிழமை ஜானுடைய முறை. அந்தப் பிள்ளை வளர்ந்து ஆக்ஸ்போர்டில் பெரிய படிப்பாளியான பிறகும், அந்த வியாழக்கிழமைச் சாயங்காலம் மறுபடி கிடைக்காதா என்று தாயாருக்குக் கடிதம் எழுதினார். நம்மில் எத்தனை பேர் நம் பிள்ளைகளிடம், "சாப்பிட்டாயா?" என்பதற்கு மேல் கேட்கிறோம்?

இந்த யோசனை அவருக்கு எப்படி வந்தது தெரியுமா? ஒரு நாள் மகள் எமிலி அப்பாவின் படிப்பறையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துவந்தாள். டென்மார்க் அரசர் கீழ்த்திசைக்கு அனுப்பிய இரண்டு மிஷனரிகளைப் பற்றிய புத்தகம் அது. எந்த ஊருக்கு அனுப்பினார்? நம்முடைய தரங்கம்பாடிக்கு! 1706 ஜூலையில் சீகன்பால்க்கும் புளுட்சோவும் கப்பலிலிருந்து இறங்கினார்களே, 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்ததே, அதே தரங்கம்பாடிதான். அந்தப் புத்தகம் சூசன்னாவை உலுக்கிவிட்டது. கடல் கடந்து போக முடியாவிட்டால் என்ன, கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறவர்களுக்காவது இன்னும் கொஞ்சம் செய்யக்கூடாதா என்று நினைத்தார். முதலில் பிள்ளைகளோடு தொடங்கினார்.

1711-ஆம் வருஷக் குளிர்காலத்தில் கணவர் சபை அலுவலாக லண்டனுக்குப் போயிருந்தார். அவருக்குப் பதிலாக வந்த உதவிக் குருவின் பிரசங்கமோ உப்புச் சப்பில்லாதது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சூசன்னா தம் வீட்டுச் சமையலறையில் பிள்ளைகளையும் வேலைக்காரர்களையும் உட்கார வைத்து ஒரு நல்ல பிரசங்கத்தை வாசித்து ஜெபித்தார். ஒரு வேலைக்காரப் பையன் தன் பெற்றோரிடம் சொல்ல, அவர்களும் வந்தார்கள். அண்டை வீட்டார் வந்தார்கள். வரவரக் கூட்டம் பெருத்து 200 பேர் வரை ஆகிவிட்டது. கோயிலில் அவ்வளவு பேர் இல்லை!

உதவிக் குருவுக்குப் பொறுக்குமா? லண்டனுக்குப் புகார் போயிற்று. பெண்பிள்ளை இப்படிச் செய்வது நன்றாக இல்லை என்று கணவரிடமிருந்து கடிதம் வந்தது. அம்மாள் பணிவாகத்தான் பதில் எழுதினார், ஆனால் அசையவில்லை. வேறு யாராவது ஆண்பிள்ளையை வாசிக்கச் சொல்லலாம் என்றால், எழுத்துக் கூட்டாமல் வாசிக்கத் தெரிந்தவர் ஊரில் இல்லையே என்றார். நிறுத்த வேண்டும் என்று வெறுமனே விரும்பினால் போதாது, கட்டளையாகச் சொல்லிவிடுங்கள். கடவுள் முன்னிலையில் அந்தப் பொறுப்பு உங்கள் தலையில் இருக்கட்டும் என்ற கருத்தில் எழுதினார். அதற்குமேல் கணவர் வாயைத் திறக்கவில்லை.

இதைப் படித்து நான் கைகொட்டிச் சிரித்தேன். 'சபாஷ்! இதைச் சொன்னால் சங்கம் அதிரும்' என்று நினைத்தேன். நிற்க.

\*\*\*

அந்தச் சமையலறையில் உட்கார்ந்து கேட்ட பிள்ளை பிற்காலத்தில் என்ன செய்தார் என்று பார்த்தேன். அங்கேதான் எனக்குச் சனியன் பிடித்தது.

1742-இல் பிரிஸ்டல் நகரத்தில் அவர்களுடைய பிரசங்க மண்டபத்தின் மேல் கடன் இருந்தது. அதை எப்படி அடைப்பது என்று கூடிப் பேசினார்கள். பாருங்கள், எந்தக் காலத்திலும் கோயில் கூட்டம் என்றால் கட்டடக் கடன்தான்! கப்பல் தலைவர் ஒருவர் எழுந்து, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி போட்டால் போதும் என்றார். ஏழைகளால் அதுவும் முடியாதே என்றார்கள். "ரொம்ப ஏழையான 11 பேரை என்னிடம் விடுங்கள். நான் போய் வசூலிக்கிறேன், அவர்களால் முடியாததை நானே போடுகிறேன்" என்றார் அவர். அப்படியே பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தலைவரை வைத்தார்கள்.

வசூலுக்குப் போனவர்கள் வீட்டுக்குள் நடப்பதைக் கண்டார்கள். இந்த வீட்டில் குடி, அந்த வீட்டில் சண்டை என்று தெரியவந்தது. அதைக் கேட்ட வெஸ்லி, பணம் வசூலிப்பதைவிட இதுதான் முக்கியம் என்று பிடித்துக்கொண்டார். வாரம் ஒருமுறை பன்னிரண்டு பேரும் ஓரிடத்தில் கூடி, அவரவர் ஆத்துமா எப்படி இருக்கிறது என்று பேச வேண்டும் என்று ஏற்படுத்தினார். கடனடைக்க வந்த பென்னிதான் அந்த இயக்கத்துக்கே முதுகெலும்பாயிற்று.

இதற்கும் முன்னாலேயே, 1738 கிறிஸ்துமஸ் தினத்தில், இன்னும் சின்னக் குழுக்களுக்கென்று அவர் சட்டதிட்டம் எழுதினார். ஆண்கள் தனி, பெண்கள் தனி. கூடுவதற்கு ஒரே நோக்கம், தங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் சொல்லி, ஒருவருக்காக ஒருவர் ஜெபிப்பது. போன கூட்டத்துக்குப் பிறகு, தெரிந்தே நீ செய்த பாவம் என்ன என்று ஒவ்வொருவரையும் கேட்பார்களாம்.

இந்த இடத்தில் நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன்.

'நீ' செய்தது என்ன? உன் பக்கத்து வீட்டுக்காரி செய்தது அல்ல, கமிட்டி செய்தது அல்ல, நகையைக் கழற்றாதவள் செய்தது அல்ல, நீ செய்தது. நாங்கள் வருஷக்கணக்காக வெள்ளிக்கிழமை தோறும் பரிசுத்தத்தைப் பற்றிப் பேசியிருக்கிறோம். ஒரு நாளாவது ஒருத்தியாவது இந்தக் கேள்வியைத் தன்னிடம் கேட்டுக்கொண்டதுண்டா?

பின்னால் சொல்கிறேன் என்றேனே, அந்தப் பாதிக் கதை இதுதான்.

தேர்தலில் தோற்ற இரண்டாம் மாதம் அறுப்பின் பண்டிகை வந்தது. சபையார் கொண்டுவருகிற காய்கறி, கோழி, கேக் எல்லாவற்றையும் ஏலம் போடுவார்கள். கோயிலுக்குத்தானே என்று ஓர் எலுமிச்சம்பழத்தை 500 ரூபாய்க்குக் கூட எடுப்பார்கள். அந்த வருஷம் ஏலக் கணக்கு அக்காவின் வீட்டுக்காரர் கையில் இருந்தது. அறிவிப்புப் பலகையில் தொகையைப் பார்த்துவிட்டு வந்த என் வீட்டுக்காரர், சாப்பிடும்போது, "நான் குறித்து வைத்ததற்கும் அதற்கும் 18,000 ரூபாய் இடிக்கிறதே, ஏன் என்று தெரியவில்லை" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

மறுநாள் தையல் கடையில் ரவிக்கை வாங்கப் போனேன். அங்கே எங்கள் சபைப் பெண்கள் இரண்டு பேர் இருந்தார்கள். "ஏலக் கணக்கில் 18,000 ரூபாயைக் காணோமாமே!" என்றேன். 'ஏன் என்று தெரியவில்லை' என்பது என் வாயில் 'காணோம்' ஆகிவிட்டது. ஒரு வாரத்தில் அது சபை முழுவதும் சுற்றி வந்தது. மறுவாரம் என் காதுக்கே, "உங்களுக்குத் தெரியுமா?" என்று திரும்பி வந்தது. "அப்படியா?" என்று கேட்டுக்கொண்டேன்.

அக்காவின் வீட்டுக்காரர் தாமே கணக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போய்த் தணிக்கைக்குக் கொடுத்தார். இரண்டு மாதம் கழித்து அறிக்கையைக் கோயிலில் வாசித்தார்கள். ஒரு பைசா குறையவில்லை. ஏலத்தில் எடுத்துவிட்டுப் பணத்தைப் பின்னால் தருகிறேன் என்றவர்களின் பாக்கிதான் அந்தப் 18,000. அறிக்கையைக் கேட்டபோது நான் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் எழுந்து நின்று எல்லோரோடும் சேர்ந்து பாட்டுப் பாடினேன்.

அந்த மனிதர் அந்த மாதமே கமிட்டியிலிருந்து விலகிவிட்டார். முன்பெல்லாம் ஆராதனை முடிந்ததும் பெரிய வாசலில் நின்று, வருகிறவர் போகிறவர் எல்லோரையும் பெயர் சொல்லி விசாரிப்பார். அதன் பிறகு கடைசிப் பாட்டு முடிவதற்குள் பக்கவாசல் வழியாகப் போய்விடுவார். நாலு வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்காத மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

\*\*\*

வெள்ளிக்கிழமை வந்தது. பேசினேன். நாக்கைப் பற்றிய பத்து நிமிஷத்தை விட்டுவிட்டேன். சூசன்னாவின் சமையலறையைச் சொன்னேன், தரங்கம்பாடியைச் சொன்னேன், பென்னியைச் சொன்னேன். எல்லோரும் ரசித்தார்கள். அந்தச் சின்னப் பெண்ணிடம், "தோட்டைப் பற்றி உன் மாமியாரோடு மல்லுக்கு நிற்காதே, போடுவதிலும் இல்லை, கழற்றுவதிலும் இல்லை" என்றும் சொன்னேன். குழுவில் கேட்கிற அந்தக் கேள்வி வந்ததும் தொண்டை அடைத்தது. தண்ணீர் குடித்துவிட்டு அதைத் தாண்டிப் போய்விட்டேன். "அம்மா, பிரமாதம்!" என்றார் ஆயரம்மா. செருப்பால் அடித்தால் கூட அவ்வளவு வலித்திருக்காது.

இரண்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை. திருவிருந்து ஆராதனை.

மற்ற மதத்துச் சகோதரிகளுக்காக இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் தென்னிந்தியத் திருச்சபை, தனித்தனியாக இருந்த ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபைகள் சேர்ந்து உண்டானது. சேர்வதற்கான பேச்சு 1919-இல் அதே தரங்கம்பாடியில்தான் தொடங்கியது. 30-க்கும் மேற்பட்ட குருமார்கள் அங்கே கூடினார்கள். அநேகமாக எல்லோரும் இந்தியர்கள். பேசினார்கள், வாதாடினார்கள், கோபித்துக்கொண்டார்கள், மறுபடி உட்கார்ந்தார்கள். 28 வருஷம்! முன்னின்று உழைத்த அசரியா அத்தியட்சர் 1945-இல் காலமாகிவிட்டார், பலனைப் பார்க்கவில்லை. 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் அந்தச் சேர்க்கை நடந்தது.

சேர்ந்தவர்கள் 1950-இல் தங்களுக்கென்று திருவிருந்து வழிபாட்டு முறை ஒன்றை அமைத்தார்கள். அதில் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய வழக்கம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்கள். அதுதான் சமாதானம் கொடுப்பது. ஆயர் பீடத்தண்டையிலிருந்து சமாதானத்தை உடன் நிற்பவருக்குக் கொடுப்பார். அவர் வரிசையின் முதல் ஆளுக்கு, முதல் ஆள் அடுத்தவருக்கு என்று, விளக்கிலிருந்து விளக்கு ஏற்றுவது போல அது கோயில் முழுவதும் வரும். கொடுப்பவரும் வாங்குபவரும் வலது உள்ளங்கைகளைச் சேர்த்து, இடது கையால் மற்றவர் கையை மூட வேண்டும். இதைக் காணிக்கை எடுப்பதற்கு முன்னால் வைத்திருக்கிறார்கள். மனஸ்தாபத்தை வைத்துக்கொண்டு காணிக்கை கொண்டுவராதே என்பது இயேசுவின் போதனை அல்லவா?

நாலு வருஷமாக அந்த அக்காவும் நானும் சமாதானம் வருகிற சமயத்தில் ஒருவர் பக்கம் ஒருவர் வராத மாதிரி இடம் பார்த்து உட்காருவதில் நிபுணர்களாகியிருந்தோம். அன்றைக்கு நான் தாமதமாகப் போனேன். கிடைத்த இடத்தில் உட்கார்ந்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தால், எனக்கு அடுத்த இடத்தில் அவர்.

சமாதானம் முதல் வரிசையில் புறப்பட்டது. இரண்டாவது, மூன்றாவது. என் இந்தப் பக்கத்துப் பெண் திரும்பி என் கையைப் பிடித்தாள். இப்போது அது என் கையில் இருந்தது. நான் கொடுத்தால்தான் அது மேலே போகும். அக்காவுக்கு அப்புறம் அந்த வரிசையில் இன்னும் ஆறு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் எனக்கு அந்தச் சொல் விளங்கிற்று. செம்பை வேறு பிரித்து வைப்பது ஒளித்து வைப்பதற்கல்ல. அதில் மொண்டு மற்றவர்களுக்குக் கொடுப்பதற்கு. நான் செம்பை ஒளித்து வைத்துவிட்டுச் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கையை நீட்டினேன். அவர் என்னைப் பார்க்காமலே கையைச் சேர்த்தார். கை ஜில்லென்று இருந்தது. அந்தப் பக்கம் திரும்பி அடுத்தவருக்குக் கொடுத்தார். சமாதானம் போய்விட்டது. ஆனால் இது போதாது என்று எனக்குத் தெரிந்தது. கையைப் பிடிப்பதற்குக் காசா பணமா?

ஆராதனை முடிந்ததும் பக்கவாசலில் அவரை நிறுத்தினேன். "அக்கா, அந்த 18,000 ரூபாய்ப் பேச்சு என் வாயிலிருந்துதான் புறப்பட்டது" என்றேன்.

"தெரியும்" என்றார். "தையல் கடைக்காரம்மா அன்றைக்கே சொல்லிவிட்டாள். நீயாக வந்து எப்போது சொல்வாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்."

நான் தலை குனிந்து நின்றேன்.

"என்னிடம் என்ன சொல்கிறாய்? அவரிடம் வந்து சொல்லு" என்று சொல்லிவிட்டு இரண்டடி நடந்தார். பிறகு நின்றார். "மகள் எப்படி இருக்கிறாள்?" என்று திரும்பாமலே கேட்டார்.

மறுநாள் நானும் என் வீட்டுக்காரரும் போனோம். அந்த மனிதர் எழுந்து நின்று எங்களை உட்காரச் சொன்னார். நான் சொல்லி முடிக்கிற வரையில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கணக்கு வாசித்த அன்றைக்கு யாராவது ஒருத்தர் கிட்டே வந்து, 'சரியாக இருந்ததே' என்று சொல்லியிருந்தால் போதும், அம்மா. அதைத்தான் எதிர்பார்த்தேன்" என்றார். என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா காப்பி கொண்டுவந்து வைத்தார். என் மகளைப் பற்றித் தாம் வீடு வீடாகப் போய்ச் சொன்னதைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. அது அவருடைய கேள்வி; என்னுடையது அல்ல.

அடுத்த வெள்ளிக்கிழமை சங்கத்தில் இரண்டே நிமிஷம் பேசினேன். தையல் கடையில் நான் சொன்னது பொய் என்றும், சொன்னவள் நான்தான் என்றும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கூடத்தில் ஈ பறக்கிற சத்தம் கேட்டது. அன்றைக்கு யாரும் நகையைப் பற்றிப் பேசவில்லை. எல்லோரும் மாறிவிட்டோம் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கடுத்த வாரமே பூ வைக்கலாமா என்ற விவாதம் வந்துவிட்டது. ஆனால் நடுவில் ஓர் அம்மாள், தம் மருமகளிடம் தாம் நடந்துகொண்ட விதத்தைப் பற்றி மெல்லிய குரலில் ஏதோ சொன்னார். நாங்கள் யாரும் அறிவுரை சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்தோம்.

எல்லாம் சரியாகிவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. ஒரு வார்த்தையில் உடைத்ததை ஒரு வார்த்தையில் ஒட்டிவிட முடியுமா? அந்த மனிதர் இன்னும் பக்கவாசல் வழியாகத்தான் போகிறார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது நானும் பக்கவாசல் வழியாகத்தான் போகிறேன். "கணக்கெல்லாம் எப்படி, அண்ணா?" என்று கேட்டால், முதலில் எல்லாம் தலையை மட்டும் ஆட்டுவார். போன வாரம், "உங்கள் மருமகன் வந்திருந்தாராமே, ஏன் எங்கள் வீட்டுக்கு அழைத்து வரவில்லை?" என்று கேட்டார்.